பென்சன் எடுக்கப் போகிறேன்: ஒன்றைத் தொட்டால் எது கழலும்?

சுண்ணாகம் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். 30 வருடத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்ற பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஆவணியில் எனக்கு 60 முடிகிறது. நியமனம் கிடைத்தது 1994இல். அதற்கு முன்னர் ஐந்து வருடம் தொண்டராசிரியராகப் படிப்பித்தேன். அது சேவைக்காலத்தில் சேராது என்று சொல்லிவிட்டார்கள், அதைப் பற்றி இனிப் புலம்பி என்ன. ஓய்வு பெறும் வயது 65 என்று ஒருமுறை அறிவித்தார்களே, அதை நம்பித்தான் 2022 தொடக்கத்தில் மகளின் வீட்டு வேலைக்கு வங்கியில் கடன் எடுத்தேன். அந்த வருடமே திரும்பவும் 60 என்றார்கள், 2023 தையிலிருந்து அதுதான் நடைமுறை. கடன் மட்டும் 65 வயதுக் கணக்கிலேயே ஓடுகிறது. இன்னும் ஏழு இலட்சம் நிற்கிறது.

வீட்டுக்காரருக்கு 64. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் 24 வருடம் கணக்கு எழுதினார். அரச வேலை இல்லை, ஆகவே பென்சனும் இல்லை. அவர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமுமாகச் சேர்ந்த ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), அதோடு முதலாளி கட்டும் ஈரிஎப்பின் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், எல்லாம் 55 வயதில் ஒரே தடவையில் கைக்கு வந்தது. வந்த மாதிரியே போயும் விட்டது. பாதி கூரைக்கு, பாதி மகளின் கலியாணத்துக்கு. அவருக்குச் சீனியும் பிரஷரும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்.

மாமி இணுவிலில் தனியே இருக்கிறா. 83 வயது. அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் முதியோருக்கான 5000 ரூபா வருகிறது. போன மார்கழி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தா. எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இனித் தனியே விட முடியாது, எங்களோடு கூட்டிவர நினைக்கிறோம். பக்கத்து வீட்டு அன்ரி உடனே சொன்னா: "பென்சன்காரி வீட்டில கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்த ஐயாயிரம் நிண்டிடும் பிள்ளை."

இதெல்லாம் போதாதென்று மகன் கனடா ஸ்காபரோவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பு எடுக்கிறான். "சூப்பர் விசாவில வந்து ரெண்டு மூண்டு வருசம் எங்களோட நில்லுங்கோ அம்மா." நான் போய் இருந்தால் பென்சன் தொடர்ந்து வருமா, இவரின் கிளினிக் என்ன ஆகும், அங்கே வருத்தம் வந்தால் யார் பார்ப்பது?

போன கிழமை ஒரு நாள் இவரின் மோட்டார் சைக்கிளில் மூன்று கந்தோர் ஏறி இறங்கினேன். முதலாவது இடத்தில் பென்சனைப் பற்றிச் சொன்னார்கள், அக்ரஹார என்ற அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதி பற்றித் தெரியாது என்றார்கள். இரண்டாவது இடத்தில் காப்புறுதிப் படிவம் தந்தார்கள், இவரின் பெயர் அதில் வருமா என்று கேட்டதற்கு "அங்க கேளுங்கோ" என்று முதலாவது இடத்தையே காட்டினார்கள். மூன்றாவது இடத்தில் சாப்பாட்டு நேரம். ஒவ்வொருவரும் தன் மேசை மட்டும் பார்க்கிறார்கள், எங்கள் வீட்டில் இதெல்லாம் ஒரே சட்டியில் அல்லவா வேகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கொக்குவில் பழைய கிளாக்கர் எழுதியது:

ரீச்சர், நான் பென்சன் கிளையில் 19 வருடம் கதிரை தேய்த்தவன். காசிலிருந்து தொடங்குவோம்.

உங்களுக்கு மாத ஓய்வூதியத்தோடு ஒரு பெருந்தொகையும் வரும், பணிக்கொடை என்பார்கள். 24 மாத ஓய்வூதியத்துக்குச் சமம். விளக்கத்துக்காக மாதம் 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 24ஆல் பெருக்க 12 இலட்சம். இது சும்மா தருகிற காசு இல்லை. இதை எடுத்ததற்காக முதல் 10 வருடம் குறைக்கப்பட்ட ஓய்வூதியம்தான் வரும், 10 வருடம் முடிந்த பிறகுதான் குறைக்கப்படாத தொகை. உங்களுக்கு 70 ஆகும்போது பென்சன் கூடும் என்று இப்போதே கொப்பியில் எழுதி வையுங்கள். பலர் அந்த மாதம் வந்ததைக் கவனிப்பதே இல்லை.

அரசாங்கத்திடம் இடர்கடன் எடுத்து மிச்சம் இருந்தால் பணிக்கொடையிலேயே கழித்துவிடுவார்கள். நீங்கள் எடுத்தது வங்கிக் கடன், அது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான விஷயம். ஆனால் என் புத்திக்கு, சம்பளம் நின்ற பிறகு தவணை கட்டுவதை விட அந்த ஏழு இலட்சத்தை முதல் நாளே அடைத்துவிடுங்கள். எந்த வங்கியும் வைப்புக்குக் கொடுக்கும் வட்டியை விடக் கடனுக்கு வாங்கும் வட்டிதான் கூட. மிச்சம் ஐந்து இலட்சத்தை நிலையான வைப்பில் போடலாம். 60 தாண்டியவர்களுக்கு 15 வீதம் தந்த விசேட வட்டி 2022இல் நின்றுபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குப் பதிலாக 10 இலட்சம் வரையான ஒரு வருட வைப்புக்கு வழமையான வட்டிக்கு மேல் 3 வீதம் என்று அறிவித்தார்கள். வைப்புப் போடும்போது வாய் திறந்து கேளுங்கள், வங்கியில் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். வட்டியில் வங்கி 10 வீதம் வரி பிடிக்கும், 2025 சித்திரையிலிருந்து அப்படி. வரிக்கு உட்பட்ட வருமானம் வருடம் 18 இலட்சத்துக்குள் என்றால் அதைச் சொல்லி ஒரு பிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். மூன்று வங்கியில் வைப்பு இருந்தால் மூன்றிலும் கொடுக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் டபிள்யூ அன்ட் ஓபி இலக்கம் என்ன? விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியத்தைத்தான் கேட்கிறேன். சம்பளப் பட்டியலில் 30 வருடமாக அதற்குக் கழிபடுகிறது, பார்த்திருப்பீர்கள். ஆண் உத்தியோகத்தரின் மனைவிக்கு இது 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. பெண் உத்தியோகத்தரின் கணவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. உங்கள் வீட்டில் இதுதான் ஆணிவேர், ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக மாத வருமானம் கிடையாது. உங்களுக்கு ஒன்று நடந்தால் அவரின் கையில் வருவது இது ஒன்றுதான். கந்தோரில் உள்ள உங்கள் சொந்தக் கோவையில் (பைலில்) கலியாண எழுத்துப் பிரதி, அதாவது விவாகப் பதிவுச் சான்றிதழ், இருக்கிறதா, அதில் உள்ள பெயரும் உங்கள் இருவரின் அடையாள அட்டைகளில் உள்ள பெயர்களும் ஒன்றா என்று நாளைக்கே பாருங்கள்.

அக்ரஹார ஓய்வோடு தானாகத் தொடராது. ஓய்வூதியர்களுக்கான அக்ரஹார வேறாக இருக்கிறது, தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்துகிறது, 2016 தை 1க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கென்று தொடங்கினார்கள். பென்சன் விண்ணப்பத்தோடேயே சம்மதம் கொடுத்தால் மாதாமாதம் பென்சனில் கழிப்பார்கள். கழிவு சின்னத் தொகைதான். யார் யாருக்கு எவ்வளவு என்ற அட்டவணையைக் கையில் வாங்காமல் அந்தக் கதிரையை விட்டு எழும்ப வேண்டாம்.


நேர்ஸ் அக்கா எழுதியது:

ரீச்சர் அக்கா, கிளாக்கர் ஐயா எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரிப் பக்கத்தைச் சொல்கிறேன், 33 வருடம் வார்ட்டில் நின்றவள்.

முதலில் ஒரு நிம்மதி. உங்கள் வீட்டுக்காரரின் கிளினிக்குக்கும் உங்கள் பென்சனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அரச ஆஸ்பத்திரியில் பென்சன்காரர், கூலிக்காரர், மந்திரியின் மாமா எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே இலவசம். பெரியாஸ்பத்திரி, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி எங்கே போனாலும் அப்படித்தான். தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சையும் சேர்த்து. காசு போவது அதற்கு வெளியே உள்ள இடங்களில்தான். வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கான், கடையில் வாங்கச் சொல்லும் குளிசை, அவசரத்தில் தனியார் ஆஸ்பத்திரி. 2022இல் நாடு முழுக்க மருந்து இல்லாமல் போனபோது எங்கள் தெருவில் எத்தனை பேர் பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அக்ரஹாரவை இந்தக் குளிசைச் செலவுக்கு நம்ப வேண்டாம். அது முக்கியமாக ஆஸ்பத்திரியில் தங்கினால், ஒப்பரேஷன் செய்தால் உதவும். அதுவும் நீங்கள் முதலில் காசைக் கட்டி, பில்லைக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்குவது. ஆகவே கையில் அவசரக் காசு இருக்க வேண்டும், ஐந்து இலட்சத்தையும் ஒரு வருட வைப்பில் பூட்டி வைக்காமல் ஒரு இலட்சத்தையாவது எடுக்கக்கூடிய கணக்கில் விடுங்கள். அரச வார்ட்டில் படுத்தாலும் நாளுக்கு இவ்வளவு என்று அக்ரஹார தரும், பலருக்கு இது தெரியாது. வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் அட்டையைத் தொலைக்காதீர்கள். சனம் அதை மருந்துப் பையோடு சேர்த்து எறிந்துவிட்டு எங்களிடம் வந்து நிற்கும்.

பெரிய ஒப்பரேஷன் என்று வந்தால் ஜனாதிபதி நிதியமும் இருக்கிறது. இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்றம் போன்றவற்றுக்குத் தருவார்கள். முன்னர் கொழும்புக்கு ஓட வேண்டும், 2025 மாசியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். நாள் குறித்தவுடன் முதலில் அங்கே போங்கள், காசு கட்டி முடித்த பிறகு அல்ல.

மாமியைப் பற்றி ஒன்று. 83 வயதில் கிணற்றடியில் விழுந்து எலும்பு தப்பியது அதிர்ஷ்டம். அடுத்த முறை இடுப்பு எலும்பு என்றால் ஐயாயிரம் எந்த மூலைக்கு? நான் வேறொன்றும் சொல்லவில்லை.


தபுதாரர் எழுதியது:

கிளாக்கர் ஐயா கலியாண எழுத்து என்றதும்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நான் இங்கே வாசிப்பதோடு சரி.

என் மனைவியும் ஆசிரியைதான். ஓய்வு பெற்று நாலாவது வருடம் காலமானா. எனக்கு அந்தப் பென்சன் வந்து சேர 14 மாதம் பிடித்தது. காரணம் மரணச் சான்றிதழ் இல்லை, வேறொன்றுமில்லை, எங்கள் கலியாண எழுத்து கோவையில் இல்லை. 1995 ஐப்பசி 30 இரவு நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது எங்களுடைய உறுதி, எழுத்து, சான்றிதழ் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. கைதடியில் மழையில் நனைந்து ஒட்டிப்போன பெட்டி அது. பிறகு புதிதாகப் பிரதி எடுத்தபோது என் பெயரில் ஓர் எழுத்து மாறி வந்தது, "ச" இருக்க வேண்டிய இடத்தில் "ஜ". மனைவி சிரித்துவிட்டு "பரவாயில்லை, ஆள் ஒண்டுதானே" என்றா. அந்த ஒரு எழுத்துக்குச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, பிறகு அது போதாது என்று இன்னொன்று, பிறகு பிறப்புச் சான்றிதழ் புதிதாக. அந்த 14 மாதமும் மகள் பிரான்சிலிருந்து அனுப்பிய காசில் சாப்பிட்டேன். மகளின் காசு என்றாலும் தொண்டையில் இறங்குவது கஷ்டம்தான்.

ரீச்சர், நீங்கள் உயிரோடு இருக்கும்போது ஓர் அரை நாளில் திருத்தக்கூடியது, பிறகு உங்கள் வீட்டுக்காரர் தனியே ஒரு வருடம் அலைய வேண்டியது.


சுண்ணாகம் ரீச்சர் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். எங்கள் எழுத்து இருக்கிறது, 1993. என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக மட்டும் இருக்கிறது, எழுத்தில் முழுப் பெயர். இவரின் பெயர் ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் "எச்" கூடி, ஓர் இடத்தில் இல்லாமல். திங்கட்கிழமை என் சொந்தக் கோவையைப் பார்க்கக் கேட்கப் போகிறேன்.

கனடாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?


ஸ்காபரோவிலிருந்து சாவகச்சேரி எழுதியது:

அதற்குத்தான் வந்தேன் தங்கச்சி. 1998இல் போய் 2019இல் திரும்பி வந்தவன் நான். இப்போது காலையில் மாமரத்துக்குத் தண்ணீர் விடுவதுதான் உத்தியோகம்.

முதலில் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், சூப்பர் விசாவில் வருகிறவர் அங்கே விருந்தாளி. 2022 ஆடியிலிருந்து ஒரு தடவையில் ஐந்து வருடம் வரை நிற்கலாம், நல்லதுதான். ஆனால் ஒன்ராறியோ மாகாணத்தின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓகிப் உங்களுக்குக் கிடையாது. அந்த நாட்டு முதியோர் கொடுப்பனவும் கிடையாது. ஆகவேதான் விசாவுக்கே குறைந்தது ஒரு வருடத்துக்கு, ஒரு இலட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி கேட்கிறார்கள். அந்தக் காப்புறுதியில்தான் உங்கள் வீட்டுக்காரருக்குப் பொறி இருக்கிறது. ஏற்கெனவே உள்ள சீனியையும் பிரஷரையும் சில காப்புறுதிகள் சேர்ப்பதே இல்லை. சேர்க்கிறவையும் "நிலையாக இருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கும். அதாவது புறப்படும் முன்னர் அவர்கள் சொல்லும் சில மாதங்களுக்குள் குளிசையின் அளவு கூடியோ குறைந்தோ இருந்தால், அந்த வருத்தத்துக்குக் காசு தர மறுக்கலாம். என் மச்சானுக்கு நடந்தது. இங்கே கிளினிக்கில் டொக்டர் நல்ல எண்ணத்தில் பிரஷர் குளிசையைக் கூட்டிவிட்டார். அவர் ரொறன்ரோவில் இறங்கி ஆறாம் கிழமை நெஞ்சுவலி. மூன்று இரவு ஆஸ்பத்திரி. பில்லின் தொகையைச் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் இன்னும் கட்டுகிறார்கள். ஆகவே பயணத்துக்கு நாள் குறிக்க முன்னர் டொக்டரிடம் சொல்லுங்கள், கொப்பியைக் காட்டிக் காப்புறுதி எடுங்கள், ஒரு வருத்தத்தையும் மறைக்காதீர்கள். அக்ரஹார அட்டையைக் கனடா ஆஸ்பத்திரி வாசலில் காட்டினால் அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

என் கதையையும் சொல்கிறேன், இங்கே திரும்பி வர யோசிக்கிறவர்கள் பலர் வாசிக்கிறார்கள். கனடாவின் ஓஏஎஸ் எனப்படும் முதியோர் கொடுப்பனவு 65இல் எனக்குத் தொடங்கியது. அங்கே வாழ்ந்த வருடத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு என்று கணக்கு, எனக்கு 18 வருடம், ஆகவே நாற்பதில் 18 பங்கு. அப்போதே பெட்டி கட்டியிருப்பேன். ஒரு நண்பன்தான் தடுத்தான். 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் அங்கே வாழ்ந்திருந்தால் மட்டும்தான் அந்தக் காசு வெளிநாட்டுக்குத் தொடர்ந்து வரும். 18 வருடத்தோடு வந்திருந்தால் ஆறு மாதத்தில் நின்றிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் பனிக்காலங்கள் நின்றேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அதோடு சேர்த்துத் தரும் மேலதிகக் கொடுப்பனவு எப்படியும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் போய்விடும், அது போனது. ஓகிப்பும் போனது, அதற்கு 12 மாதத்தில் 153 நாளாவது ஒன்ராறியோவில் நிற்க வேண்டும். வேலை செய்து கட்டிய சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) மட்டும் எங்கே போனாலும் பின்னால் வரும்.

இப்போது எனக்குக் கனடாக் காசு, பெரியாஸ்பத்திரிக் கிளினிக். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதில்லை. நல்லாயிருக்கிறேன்.


லண்டன் மருமகன் எழுதியது:

அண்ணை பிரித்தானியாவை விட்டுவிட்டார். இங்கிருந்து அரச பென்சனோடு இலங்கைக்குப் போய்க் குடியேறினால் பென்சன் வரும், ஆனால் குடியேறிய வருடத்துத் தொகையிலேயே உறைந்து நிற்கும், வருடாவருடம் கூட்ட மாட்டார்கள். என் மாமா இதைக் கேட்டுவிட்டு லண்டன் குளிரையும் உறைந்த பென்சனையும் நிறுத்துப் பார்த்து, குளிரையே தெரிவுசெய்தார்.


கொக்குவில் பழைய கிளாக்கர் எழுதியது:

ரீச்சர், வெளிநாட்டில் நின்றாலும் உங்கள் பென்சன் இங்குள்ள வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கும். அதை நிறுத்துவது பயணம் இல்லை, உயிர்வாழ் சான்றிதழ்தான். வருடம் ஒருமுறை, வருடத் தொடக்கத்தில், ஜிஎஸ்ஸின் (கிராம சேவகரின்) உறுதிப்படுத்தலோடு கொடுக்க வேண்டும். அந்த நேரம் கனடாவில் என்றால் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் எடுத்து அனுப்பலாம். போகும் முன்னர் பிரதேச செயலகப் பென்சன் கிளையில் சொல்லிவிட்டுப் போங்கள். சந்தேகம் என்றால் ஓய்வூதியத் திணைக்களத்துக்கு 1970 என்ற இலக்கத்தில் கதைக்கலாம், தமிழிலும் கதைப்பார்கள்.

என் யோசனை: சித்திரையில் போய் ஐப்பசியில் திரும்புங்கள். சான்றிதழ் கொடுத்த கையோடு போனால் அடுத்தது வரும் முன்னர் வீட்டில் நிற்பீர்கள், குளிரும் பார்க்கத் தேவையில்லை.


விதானையார் எழுதியது:

எனக்கும் கிராம சேவகர் வேலையிலிருந்து ஓய்வுதான், ஆனாலும் ஊர் இன்னும் இந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறது.

மாமியின் 5000 பற்றி. பக்கத்து வீட்டு அன்ரி சொன்னது அரைவாசி சரி. அஸ்வெசும ஆளைப் பார்ப்பதில்லை, குடும்பத்தைப் பார்க்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்தால் அளந்து புள்ளி போடுகிறார்கள். மாமி தனியே இருந்தபோது அவ ஒரு குடும்பம். உங்களோடு வந்தால் பென்சன் வருகிற குடும்பத்தில் ஒரு ஆள். அந்தக் கண்ணால் பார்த்தால் அந்தக் காசு நிற்க வாய்ப்பு அதிகம்.

சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், ஆளைக் கூட்டிவந்துவிட்டு அட்டையைப் பழைய வீட்டிலேயே விடுகிறார்கள். பழைய வீட்டில் பூட்டு, மின்சாரப் பில் பூச்சியம், காசு மட்டும் வந்துகொண்டிருக்கும். நான் வேலையில் இருந்தபோது இப்படிப் பல வீடு பார்த்தேன். யாரோ ஒருவர் ஆட்சேபனை எழுதிப் போடுவார், பெரும்பாலும் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான். பிறகு விசாரணையில் வயதான மனுசி வந்து நிற்கும். மாமியை அந்தக் கதிரையில் இருத்தாதீர்கள். இடம் மாறினால் பதிவை மாற்றி, பிரதேச செயலகத்தில் நலன்புரிப் பகுதியிலும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மாமி சிறுநீரக நோயாளியோ மாற்றுத்திறனாளியோ என்றால் அந்தக் கொடுப்பனவுகள் வேறு, மாதம் 10,000. அதற்குரிய மருத்துவச் சான்று இருந்தால் கேட்டுப் பாருங்கள்.


சுண்ணாகம் ரீச்சர் எழுதியது:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன்.

கோவையைப் பார்க்க இரண்டு தடவை போக வேண்டி வந்தது. டபிள்யூ அன்ட் ஓபி இலக்கம் இருக்கிறது. கலியாண எழுத்து இல்லை! 1993இல் கலியாணம், 1994இல் நியமனம். 1995க்குப் பிறகு எந்தக் கோவை எங்கே இருந்தது என்று யாரைக் குற்றம் சொல்வது. உறுதிப்படுத்திய பிரதியும் இவரின் "எச்" பற்றிய சத்தியக் கடதாசியும் கொடுத்து, என்னிடம் உள்ள பிரதியில் திகதி முத்திரை வாங்கிவிட்டேன். தபுதாரர் ஐயாவுக்கு இவர் நன்றி சொல்லச் சொன்னார். உண்மையில் சொல்லவில்லை, "அந்தாளுக்கு எழுதினனீரோ" என்று இரண்டு தடவை கேட்டார். அது இவரின் நன்றி.

அக்ரஹார அட்டவணை கிடைத்தது. படிவம் பென்சன் விண்ணப்பத்தோடு போகிறது. கடனை அடைப்பதென்று முடிவு, மகளிடமும் சொல்லியாகிவிட்டது.

மகனிடம் சித்திரை முதல் ஐப்பசி வரை என்றேன், அதுவும் அடுத்த வருடம்தான், இவரின் குளிசை அளவு அசையாமல் நின்றால். கொஞ்சம் முகம் சுருக்கினான். பிறகு காப்புறுதிக் கடதாசியை வரிக்கு வரி வாசிப்பதாகச் சொன்னான். அந்த ஆறு மாதம் மாமியோடு நிற்க மகள் வருவாள்.

மாமியை வெள்ளிக்கிழமை கூட்டி வந்தோம். விதானையார் சொன்னபடி பதிவை மாற்றப் போகிறோம் என்று அவவிடம் முன்பே சொன்னேன், கோபிப்பா என்று நினைத்தேன். "அந்தக் காசில நான் வெத்திலையும் கோயிலுக்கு எண்ணெயும்தான் வாங்கினனான்" என்றா. இப்போது மாதம் முதலாம் திகதி என் பேர்சிலிருந்து ஐயாயிரம் எண்ணி அவவின் சுருக்குப் பையில் வைக்கிறேன். முதல் மாதம் எண்ணிப் பார்த்துவிட்டு, அரசாங்கம் தருவது புதுத் தாள், இது கசங்கின தாள் என்றா.